நுரை எழாத உலை

உலை மேடையில் வேலை செய்கிறவர்களுக்குக் காதுதான் முதல் கருவி. கிள்ளான் நகருக்கு வெளியே இருந்த அந்த ஆலையில் பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கினார்கள். மூன்று கரிக்கம்பங்களின் நுனியிலிருந்து மின்னல் இரும்பின்மேல் பாயும்போது, தகரக் கூரையில் யாரோ பாறாங்கல்லை உருட்டுவது போலச் சத்தம் வரும். இரும்பு உருகியதும் அதன்மேல் மிதக்கும் கசடுக்குள் கரித்தூளைக் காற்றோடு சேர்த்து அடிப்பார்கள். கசடு, கஞ்சி பொங்குவது போல நுரைத்து எழுந்து மின்னலை மூடிக்கொள்ளும். சத்தம் அடங்கும். அடங்கினால் சூடெல்லாம் இரும்புக்குள் போகிறது என்று அர்த்தம். அடங்காவிட்டால் சூடு சுவரைத் தின்னும், மின்சாரம் வீணாகும், ஃபோர்மேன் திருச்செல்வம் கையுறையைக் கழற்றி மேசையில் எறிவார்.

தாமரைக்கு அந்தக் காது இன்னும் வாய்க்கவில்லை. அவள் திரையில் தெரியும் எண்ணைப் பார்ப்பாள். பிறகு அந்த எண் சரிதானா என்று இன்னொரு வழியில் பார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போகிற பெண் அவள். ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தவள், மாலையில் பிரிக்பீல்ட்ஸில் டிப்ளோமா வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பை நம்பித்தான் மேலாளர் யூனுஸ் அவளிடம் ஒரு புது வேலையைக் கொடுத்திருந்தார்: உலைக்குள் அடிக்கிற கரியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அரைத்த பழைய டயரும் பிளாஸ்டிக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டயரிலும் பிளாஸ்டிக்கிலும் இருப்பதும் கரிதான். குப்பை மேட்டில் கிடந்து கொசு வளர்ப்பதற்குப் பதிலாக அது கசடை நுரைக்க வைக்கட்டுமே என்பது யூனுஸின் எண்ணம்.

சொல்ல எளிதாக இருந்ததே தவிர, செய்ய ஒரு வருடம் பிடித்தது. பொடி நைசாக இருந்தால் குழாயில் ஒட்டிக்கொண்டது. பெரிதாக இருந்தால் காற்று அதைத் தூக்கவில்லை. பிளாஸ்டிக் சூடு பட்டதும் இளகிக் கட்டியானது. தாமரை சலித்தாள், கலந்தாள், மறுபடி சலித்தாள். மாலையில் ரயிலில் போகும்போது அவள் காது மடலுக்குப் பின்னால்கூட டயர் வாசனை இருக்கும்.

"எங்க தாத்தா காலத்துல பால் மரத்த வெட்டிப் பால் எடுத்தாங்க. இவ என்னடான்னா அதே ரப்பர அரைச்சு அடுப்புல கொட்டுறா" என்று திருச்செல்வம் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். "தங்கச்சி, அடுத்து என்ன, பழைய செருப்பா?"

"செருப்பும் சேத்துக்கலாம் அண்ணே. உங்க ஜோடி தேஞ்சதும் குடுங்க."

அவர் சிரிப்பார். ஆனாலும் ரப்பரை அவர் நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாகக் கரியின் சத்தத்தைக் கேட்டுப் பழகியவர் அவர்.

ஆயுத பூசை அன்றைக்கே முதல் ஹீட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னவரும் அவர்தான். ஒரு முறை உருக்கி ஊற்றுவதை அங்கே ஹீட்டு என்பார்கள். "நல்ல நாளு. ஆகுறதா இருந்தா இன்னிக்கு ஆகும்."

காலையில் மேடை முழுவதும் கழுவிக் கிடந்தது. பாரந்தூக்கிக்கு மாலை, கட்டுப்பாட்டு அறைக் கதவுக்கு மாவிலை, உலைக்கு எதிரே படமும் பொரியும் சுண்டலும். நேப்பாளத் தொழிலாளர்கள் சாமந்தி வாங்கி வந்திருந்தார்கள். யூனுஸ் எப்போதும்போல ஓரமாக நின்று, பூசை முடிந்ததும் எல்லாரோடும் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார். பாரந்தூக்கி ஓட்டும் வாசு சந்தனக் கிண்ணத்தைத் தாமரையிடம் நீட்டினான்.

"உன் மிஷினுக்கு நீயே வையி. நாங்க வெச்சு நுரைக்கலன்னா எங்களத்தான் சொல்லுவ."

அவளுடைய மிஷின் என்று அவன் சொன்னது கலவைத் தொட்டியை. பழைய கரிக்குழாயைத் தொடாமல், புதிய கலவைக்கென்று தனியாக வைத்த தொட்டி. இன்னும் எடைமானி வந்து சேராததால், அதற்கு ஒரு கண் மட்டும் இருந்தது. தொட்டியின் இரு பக்கமும் வட்டக் கண்ணாடி. ஒரு பக்கத்து விளக்கின் ஒளி கண்ணாடிகள் வழியே மறுபக்கத்துக் கருவிக்குப் போகும். கலவை நிறைந்திருந்தால் ஒளி மறைபடும். கலவை குறைந்து ஒளி கடந்துவிட்டால், மேல்தளத்துக் கிடங்கிலிருந்து தானாகக் கலவை இறங்கும்.

தாமரை சந்தனத்தைத் தொட்டித் தகட்டில் வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. எங்கு தொட்டாலும் ரப்பர்த் தூள் விரலோடு வந்தது. தொட்டி முழுவதிலும் சுத்தமாக இருந்தது ஒரே இடம்தான். முகத்துக்கு நேரே, அவள் தினமும் துடைத்து வைத்த வட்டக் கண்ணாடி. கை தானாகவே அங்கே போனது. உள்ளங்கையளவு சந்தனம், நடுவில் குங்குமம். கண்ணை மூடிக் கும்பிட்டாள். 'நுரைக்கட்டும்' என்பதைத் தவிர வேறெதுவும் அவள் மனத்தில் இல்லை.

ஹீட்டு நன்றாகத்தான் தொடங்கியது. கலவை உள்ளே போனது, கசடு மெல்ல நுரைத்தது, சத்தம் தணியத் தொடங்கியது. கட்டுப்பாட்டு அறையில் நின்றிருந்த தாமரை மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள். சிறிது நேரத்தில் உலை மறுபடி உறுமத் தொடங்கியது. உறுமல் கூச்சலாகி, கண்ணாடிச் சன்னல் அதிர்ந்தது. திரையில் தொட்டி நிறைந்திருப்பதாகப் பச்சை விளக்கு எரிந்தது.

"கலவ போகுதா?" திருச்செல்வம் கத்தினார்.

"போகுது அண்ணே. தொட்டி நெறஞ்சிருக்கு. காத்தும் சரியா இருக்கு."

"அப்ப ஏன் இப்படிக் கத்துது?"

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். அதே பச்சை. அவர் இன்னும் கொஞ்சம் பொறுத்தார். பிறகு பழைய கரிக்குழாயைத் திறந்தார். கரி உள்ளே போனதும் கசடு பொங்கி எழுந்து கூச்சலை விழுங்கியது. அறையில் அமைதி வந்தது. திருச்செல்வம் கையுறையை மேசையில் எறிந்தார்.

"பாத்தியா? கரி போட்டதும் அடங்கிருச்சு. ரப்பர் நம்ம உலைக்கு ஆகாது லா, தங்கச்சி. உன் மேல தப்பில்ல. பொருளு சரியில்ல."

அவர் அதைக் கனிவோடுதான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் வலித்தது. மறுநாள் காலையில் யூனுஸிடமும் அவர் அதையே சொன்னார். அடுத்த திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வரும்போது, முயற்சியைக் கைவிடலாம் என்று சொல்லிவிடுவதாக யூனுஸ் தலையசைத்தார். தொட்டியைக் காலி செய்து கழுவி வைக்கும் வேலை தாமரைக்கு வந்தது.

அவள் முதலில் மேல்தளத்துக்கு ஏறினாள். கிடங்கு மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நேற்றுக் காலையில் கொட்டிய கலவை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. கரிக்குழாயைத் திறக்கும்வரை ஓடியிருந்தால்கூட இது நன்றாகவே இறங்கியிருக்க வேண்டும். கீழே ஓடி வந்து தொட்டியை ஸ்பானரால் தட்டினாள். காலிப் பானை போலக் கணீரென்றது. தொட்டிக்குப் பக்கத்திலிருந்த சிறு திரையைப் பார்த்தாள். நிறைந்திருப்பதாகப் பச்சை விளக்கு. பிறகுதான் அவள் கண்ணாடியைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து, ஓரங்களில் வெடித்து, நடுவில் குங்குமத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒளி கடக்கவே இல்லை. முதல் தொட்டிக் கலவை தீர்ந்த பிறகு உலைக்குள் போனது வெறும் காற்று. நேற்று ரப்பர் தோற்கவில்லை. ரப்பர் அங்கே இல்லவே இல்லை.

தாமரை துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். பச்சை விளக்கு அணைந்தது. மேலே மோட்டார் உறும, கலவை சரசரவென்று இறங்கத் தொடங்கியது. அவசரமாக நிறுத்தினாள். கையால் கண்ணாடியை மூடினாள். பச்சை எரிந்தது. கையை எடுத்தாள். அணைந்தது. ஒரு முறை பார்த்ததை அவள் நம்புகிறவள் இல்லை. மூடி, எடுத்து, மூடி, எடுத்து, வேறு எப்படியும் இருக்க முடியாது என்று ஆகும்வரை நின்றாள். தான் தப்பாகப் பார்க்கிறோம் என்று ஆகிவிடாதா என்றுகூட ஓர் ஆசை இருந்தது.

அன்று மாலை ரயிலில் லோகேஸ்வரியிடம்தான் முதலில் சொன்னாள். லோகேஸ்வரி ஆய்வுக்கூடத்தில் எஃகு மாதிரிகளைச் சோதிப்பவள். சுபாங்கில் இறங்குகிறவள். கேட்டு முடிப்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, மிஷினுக்குக் கண்ண மறைச்சிட்டியா! டிப்ளோமா வேற படிக்கிற."

"சிரிக்காத லா."

"சரி, சிரிக்கல. யாருக்குத் தெரியும்?"

"உனக்கு."

"அப்ப எனக்கும் தெரியாதுன்னு வெச்சுக்க." லோகேஸ்வரியின் முகம் மாறியது. "இங்க பாரு, நீ சொன்னா என்ன ஆகும்? ஹெட் ஆபிஸ் காதுக்குப் போகும். மேடையில பூசையால ஹீட்டு கெட்டுச்சுன்னு எழுதுவாங்க. அடுத்த வருஷம் பூச கிடையாது. அதுவும் யூனுஸ் பாஸ் இருக்குற நேரத்துல நிறுத்தினா, வெளிய என்ன பேசுவாங்க? அந்த மனுஷன் பாவம். திருச்செல்வம் அண்ணன் உன் மூஞ்சியில முழிக்க மாட்டாரு. எதுக்கு? அரைச்ச டயருக்காகவா?"

"டயருக்காக இல்ல லோகே. நடக்காதத நடந்துச்சுன்னு எழுதப் போறாங்க. ரப்பர் நுரைக்காதுன்னு ஒரு தடவ எழுதிட்டா, அப்புறம் நம்ம ஆலையில யாரும் அதத் தொட மாட்டாங்க."

"நுரைக்கும்னு உனக்கு நிச்சயமா?"

தாமரை சன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கேதான் சிக்கல். முதல் தொட்டிக் கலவைக்குக் கசடு நுரைக்கத் தொடங்கியது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். நிச்சயமாகத் தெரிந்திருந்தால் சொல்வது எளிதாக இருந்திருக்கும். எல்லாரிடமும் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு, மறுபடி ஹீட்டுப் போட்டு, அப்போதும் உலை கத்தினால்?

"தெரியாது" என்றாள். "அதான் லா. தெரியாதுன்னுதான் எழுதணும். ஆகாதுன்னு இல்ல."

லோகேஸ்வரி சுபாங்கில் இறங்கிப் போனாள். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, பூக்கடை வரிசையைக் கடந்து வகுப்புக்குப் போன தாமரைக்கு அன்று பலகையில் இருந்த ஒரு வரிகூடத் தலைக்குள் ஏறவில்லை.

காலையில் யூனுஸின் அறைக் கதவைத் தட்டினாள். நின்றபடியே சொன்னாள், மென்று விழுங்காமல். கண்ணாடியை மூடியதும் எடுத்ததும் விளக்கு எப்படி மாறியது என்பதைக்கூட விடவில்லை. யூனுஸ் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இத வேற யாருகிட்ட சொன்ன?"

"லோகேஸ்வரிகிட்ட மட்டும், பாஸ்."

"நான் சேந்ததுலேர்ந்து அந்தப் பூச நடக்குது. எனக்கு முன்னாடியும் நடந்துச்சு. ஒரு தடவகூட நான் வாயத் திறக்கல. இப்ப நான் ஒரு சர்க்குலர் போட்டா, விஷயம் கண்ணாடியப் பத்தி இருக்காது. யூனுஸப் பத்தி ஆயிரும். புரியுதா?"

"புரியுது, பாஸ்."

"சந்தனத்த நான் ரிப்போர்ட்ல எழுத மாட்டேன். கண்ணு மறைஞ்சிருந்துச்சு, சோதனை செல்லாதுன்னு எழுதுவேன். அது உண்மதான். ஆனா மேடையில இருக்குறவங்களுக்கு எப்படி மறைஞ்சுச்சுன்னு தெரியணும். அத நான் சொல்லக் கூடாது. நீ சொல்லு. இன்னிக்கு ஷிஃப்ட்டு தொடங்கும்போது."

ஷிஃப்ட்டு தொடங்குமுன் எல்லாரும் மேடையடியில் வட்டமாக நின்று பாதுகாப்பு விஷயம் பேசுவது வழக்கம். அன்று திருச்செல்வம் பேசி முடித்ததும் தாமரை ஓரடி முன்னால் வந்தாள். மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்று யூனுஸின் அறையிலிருந்து வரும் வழியில் தயார் செய்திருந்தாள். ஐந்தாறு ஆயிற்று. சொல்லி முடித்ததும் வாசு ஆரம்பித்தான்.

"அடுத்த வருஷம் மிஷினுக்குக் கூலிங் கிளாஸ் போட்டு விடு, சரியா இருக்கும்."

"சந்தனத்த வெச்சது அவ. கிண்ணத்த நீட்டுனவன் யாரு?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். தாமரைக்கு முகம் சுட்டது. ஆனாலும் சிரிப்பு வந்தது நல்லதுதான் என்று தோன்றியது. திருச்செல்வத்தைப் பார்க்கும்வரை. அவர் சிரிக்கவில்லை. வட்டம் கலைந்த பிறகு அருகில் வந்தார்.

"எனக்கு முன்னால யூனுஸ் பாஸ்கிட்ட போனியா?"

"ஆமா அண்ணே."

"மேடையில எது நடந்தாலும் முதல்ல ஃபோர்மேன்கிட்ட. சேந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்தது. பாஸ்கிட்ட பயமில்ல, என்கிட்ட பயமா?"

"உங்க மேல பயம் இல்ல." அவள் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "என் மேலதான் பயம். நீங்க வந்து, தொடச்சிட்டியா, சரி, விட்டுரும்மான்னு சொல்லியிருந்தா, நான் விட்டுருப்பேன். உங்க பேச்ச நான் தட்டுனதே இல்ல."

திருச்செல்வம் தலைக்கவசத்தைக் கழற்றினார். "சொல்லியிருப்பேன்" என்றார். "விட்டுருன்னுதான் சொல்லியிருப்பேன்." அது மன்னிப்பாகத் தெரியவில்லை. அவர் திரும்பி எல்லாரையும் பார்த்து உரக்கச் சொன்னார்: "அடுத்த பூசையிலேர்ந்து படத்துக்கு மட்டும்தான் பொட்டு. மிஷினுக்கு மால போதும். இது நான் சொல்றது, ஆபிஸ் சொல்றது இல்ல." சிலர் முணுமுணுத்தார்கள். பிறகு அவளைத் தாண்டி மேடைக்கு ஏறிப் போனார்.

மறு ஹீட்டுக்கு யூனுஸ் வியாழக்கிழமையைக் குறித்தார். அதுவரை திருச்செல்வம் அவளைத் 'தங்கச்சி' என்று கூப்பிடவில்லை. 'மிஸ்' என்றார். அந்த ஒரு சொல் அவளுக்கு எல்லாக் கேலியையும்விடக் கனமாக இருந்தது. இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. ஹீட்டை ஓட்டப் போகிறவர் அவர். கரிக்குழாயின் பொத்தான் அவர் விரலுக்குக் கீழே. கொஞ்சம் முன்னதாக அழுத்தினால் போதும், ரப்பர் ஆகாது என்று அவர் சொன்னது சரியாகிவிடும். அதில் யாரும் தப்புச் சொல்ல முடியாது. உலையைக் காப்பாற்றுவதுதானே அவர் வேலை?

இப்படி நினைத்ததற்கு அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை அவள் கண்ணாடியைத் துடைத்தாள், விளக்கைச் சோதித்தாள், மேல்தளத்தில் லோகேஸ்வரியை நிற்க வைத்துக் கலவை இறங்குவதைக் கண்ணால் பார்த்துக் கையசைக்கச் சொன்னாள். ஹீட்டு தொடங்கியது. இரும்பு உருகியது. கலவை உள்ளே போனது. மேலே லோகேஸ்வரி கையசைத்தாள்.

உலை கத்திக்கொண்டே இருந்தது.

தாமரை திரையைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், திருச்செல்வத்தின் கையைப் பார்த்தாள். அது பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. கரியாக இருந்தால் இந்நேரம் அடங்கியிருக்கும். அவளுக்கே தெரிந்தது.

"அண்ணே..."

"பேசாத." அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். "கரி மாதிரி வராது இது. வேற மாதிரி வருது. கீழேர்ந்து வருது. பொறு."

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூச்சல் கூச்சலாகத்தான் இருந்தது. அவர் கை நகரவில்லை. பிறகு அந்தக் கூச்சலின் ஓரம் எங்கோ மழுங்கியது. பாறாங்கற்கள் உருள்வது நின்று, தூரத்தில் மழை வருவது போன்ற இரைச்சல் ஆனது. உலைவாயின் விளிம்பில் கசடு மெதுவாக, தடித்த நுரையாக ஏறி நின்றது. சன்னல் அதிர்வது நின்றது.

திருச்செல்வம் கையைப் பொத்தானிலிருந்து எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

"என்ன பாக்குற? அழுத்திருவேன்னு நெனச்சியா?"

தாமரை பொய் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். "ஒரு நிமிஷம் நெனச்சேன், அண்ணே."

"எனக்கு உன் மேல கோவம்தான். இன்னும் போகல. அதுக்காக உலைய ஏமாத்துவேனா? நானா?"

தாமரை தலையைக் குனிந்துகொண்டாள்.

எஃகு மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போனது; முடிவு திரையில் வந்தது. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. கந்தகம் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. டயரில் இருக்கும் கந்தகம்; கூடினால் எஃகு விரிசல் விடும். எல்லைக்கு உள்ளேதான், ஆனால் ஒட்டிக்கொண்டு நின்றது. திருச்செல்வம் விரலால் அந்த எண்ணைத் தட்டினார்.

"இதுக்கு என்ன பண்ணப் போற?"

"சரியாத் தெரியல, அண்ணே. கந்தகத்த இழுக்கச் சுண்ணாம்பு கூட்டலாம். இல்லன்னா டயரக் கொறச்சு பிளாஸ்டிக்கக் கூட்டலாம். ரெண்டையும் பாக்கணும்."

"திங்கக்கிழம ஹெட் ஆபிஸ்காரன் கேட்டா?"

"நுரைக்குது, கந்தகம் ஏறுது, இன்னும் ஹீட்டு வேணும்னு சொல்லுவேன்."

"அதே வரிசையில சொல்லு. கந்தகத்த முழுங்கிராத." அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். வெப்பம் உள்ளே பாய்ந்தது. "சுண்ணாம்பு கூட்டணும்னா இப்பவே மூட்ட எடுக்கச் சொல்லு. அடுத்த ஹீட்டுக்கு அரை மணி நேரம்கூட இல்ல. நின்னுக்கிட்டிருக்காத, போ."

எவ்வளவு கூட்டுவது என்று அவளுக்கு நிச்சயம் இல்லை. போகிற வழியில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று படிக்கட்டில் இறங்கி ஓடினாள்.